நில அளவைப் பள்ளி முதல் புவித்தகவல் அமைப்பு வரை: கள்ளக்குறிச்சி – கல்வராயன்மலைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

புவித்தகவல் அமைப்பு தமிழகப் பல்கலைக்கழகங்களில் புவியியல், நிலவியல், பொறியியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆயத்தொலைவு, கோட்டுச்சட்டம், வெக்டார், ராஸ்டர், பண்பு அட்டவணை ஆகியன அதன் தொடக்கப் பாடங்கள். இவை பெரும்பாலும் கணினி நுட்பங்களாகவே அறிமுகமாகின்றன. ஆயினும் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை விடுத்து நுட்பத்தை மட்டும் பயில்வோர் நில உரிமையைப் பிழையாக வாசிக்கக்கூடும் என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

அளவைக் கல்வியின் தோற்றம்

சென்னையில் 1794இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே பின்னர்க் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். 1858 முதல் சென்னை மாகாணத்தில் வருவாய் நில அளவை முறையாக நடந்தது. புலப்படமும் நிலப் பதிவேடும் வரி விதிப்பின் தேவைக்காக உருவானவை என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் நிலவளக் கணக்கெடுப்பிற்காகக் கணினிவழி வரைபட அமைப்பை உருவாக்கினார். 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் இந்தியாவின் சொந்தத் தொலையுணர்வுப் படங்களை வழங்கியது. சங்கிலி கொண்டு அளந்த மரபும் விண்ணிலிருந்து படமெடுக்கும் மரபும் இன்றைய பாடத்தில் ஒன்றுகூடுகின்றன.

இரு தலப்படங்கள், ஒரு மாவட்டம்

2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாயிற்று. கிழக்கில் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூர் போன்ற சமவெளி ஊர்களும் மேற்கில் கல்வராயன்மலையும் இதன்கண் அடங்கும். 79 பாகை தீர்க்கக்கோடு கள்ளக்குறிச்சி நகருக்குச் சற்றுக் கிழக்கே செல்கிறது. எனவே இந்திய நில அளவைத் துறையின் பழைய எண்முறையில் மலைப்பகுதி 58 ஐ தொகுதியிலும் களமருதூர் 58 எம் தொகுதியிலும் அமைகின்றன. மாவட்டம் முழுவதையும் ஆராயும் மாணவர் முதலில் இவ்விரு தொகுதிகளின் படங்களையும் இணைத்தல் வேண்டும்.

இணைப்பில் எழும் முதற்சிக்கல் புவியுரு பற்றியது. பழைய தலப்படங்கள் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வகுத்த புவியுரு அளவீட்டைச் சார்ந்தவை. ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ்-84 அளவீட்டைச் சார்ந்தது. மாற்றம் செய்யாது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் இப்பகுதியில் நூறு மீட்டருக்கும் மிகுதியான விலகல் நேரும். மாநில வரைபடத்தில் அது புலப்படாது. மலைச்சரிவில் ஒரு குடும்பத்தின் விளைநிலத்தையோ அவ்விலகல் காப்புக்காட்டின் எல்லைக்குள் தள்ளிவிடக்கூடும். 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை பொதுப் பயன்பாட்டுப் படங்களை டபிள்யூஜிஎஸ்-84 அளவீட்டிற்கு மாற்ற வழிவகுத்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள் புவித்தரவுகள் மீதான கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தின.

மலை நிலமும் ஆவணமும்

கல்வராயன்மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாக இருந்து, 1976இல் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. ஆதலின் சமவெளி ஊர்களுக்குரிய ஆவணத் தொடர்ச்சியை மலையூர்களில் எதிர்பார்த்தல் பொருந்தாது. பண்பு அட்டவணையில் உரிமையாளர் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருப்பது உரிமை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவித்து வந்த வனநிலத்திற்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை வழங்க வகைசெய்கிறது. இதனால் பழைய செயற்கைக்கோள் படங்கள் சட்டச் சான்று என்னும் நிலையை எய்தின. ஆனால் ஐஆர்எஸ்-1ஏ படங்களுள் நுண்மை மிக்கவற்றிலும் ஒரு படக்கூறு 36.25 மீட்டர் பக்கமுடைய சதுரம். அதாவது ஏறத்தாழ 32 சென்ட் நிலம். அதனினும் சிறிய கொல்லை அப்படத்தில் தனித்துத் தெரியாது. சுழற்சி முறையில் தரிசாக விடப்பட்ட சரிவும் புதர்க்காடாகவே தோன்றும். 2012இல் திருத்தப்பெற்ற விதிகள், செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றிற்கு மாற்றாகாது என வரையறுத்தமை இவ்வகையில் பொருத்தமுடையது. கிராம சபையின் தீர்மானமும் முதியோரின் வாக்குமூலமும் படத்தோடு ஒப்புநோக்கப்பட வேண்டியவை.

முடிவுரை

க்யூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் பரவியதால் கருவி இன்று ஊரகக் கல்லூரி மாணவருக்கும் எட்டியுள்ளது. இனிக் கவனம் பெறவேண்டியது தரவின் பிறப்பு. ஒவ்வோர் அடுக்கையும் யார், எப்போது, எத்தேவைக்காக உருவாக்கினர், அது எவ்வளவு நுண்மையுடையது என்னும் வினாக்கள் தொடக்கப் பாடத்திலேயே இடம்பெறல் வேண்டும். களமருதூரின் புலப்படத்திற்கும் கல்வராயன்மலையின் விண்படத்திற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த மாணவரே அவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் நேர்மையாகப் பொருத்த இயலும்.