இருபத்தோரிழையும் மதியின் நடையும்

நகரத்தார் பெருமக்கள் எந்நாட்டில் வாழினும் மறவாது நோற்பது பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகை தொட்டு இருபத்தொரு நாளுக்கு இருபத்தோரிழை நூலெடுத்து, சஷ்டித் திதியும் சதய நாளும் கூடும் பொழுதில் அவற்றைத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் ஏற்றிச் சுடரோடு உட்கொள்ளுதல் செட்டிநாட்டு மரபு.

இருபத்தொன்று என்னும் எண்ணுக்குத் தத்துவ விளக்கம் பல உண்டு. வானமும் ஒரு விளக்கம் தருகின்றது. அசுவினி முதலாக எண்ணக் கார்த்திகை 3-ஆம் நாண்மீன், சதயம் 24-ஆவது. மதி 27 நாண்மீன்களையும் ஏறத்தாழ 27 நாள் 8 மணியில் கடத்தலின், நாளொன்றுக்கு ஒன்றாக 21 நாளில் சதயம் எய்தும். திருக்கார்த்திகையோ நிறைமதியை அடுத்து வருவது. அமாவாசைக்குப் பதினைந்து, பின்னர்ச் சஷ்டிக்கு ஆறு. கூட்டினால் அதுவும் இருபத்தொன்றே!

எனினும் இவ்விரண்டும் முற்றும் ஒத்து நடப்பன அல்ல. ஞாயிற்றினின்று மதி 12 பாகை விலகுதல் ஒரு திதி. மதி 13 பாகை 20 கலை செல்லுதல் ஒரு நாண்மீன். சராசரிக் கணக்கில் 21 திதிகள் எட்டு மணி முந்தி முடியும். 21 நாண்மீன்கள் ஆறு மணி பிந்தி முடியும். போதாக்குறைக்கு மதியின் நடையும் ஒருபடித்தன்று. நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாகைக்குக் குறைவாகவும் செல்லும், பதினைந்துக்கு மேலும் ஓடும். ஆதலின் விரல்விட்டு எண்ணி நோன்பின் பொழுதைக் குறித்தல் இயலாது, பஞ்சாங்கம் வேண்டும்.

இந்நடையை முன்னோர் 248 வாக்கியங்களில் அடக்கினர். வரருசி இயற்றியன என்பது மரபு. 248 நாளில் மதியின் வேகம் ஒன்பது முறை ஏறி இறங்கிப் பழைய நிலைக்கு மீளும் என்பதே இதன் அடிப்படை. எழுத்துக்கள் எண்களாக நிற்கும் சிறு தொடர்கள் இவை; முதல் நாள் வாக்கியம் தருவது 12 பாகை 3 கலை. பாடம் செய்தவனுக்கு ஏடே வேண்டுவதில்லை.

புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக்கொண்டே 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தமையை ஆங்கிலேயர் படையில் பணியாற்றிய வாரன் என்பார் தம் ‘கால சங்கலிதம்’ நூலிற் பதிவு செய்தார். தொடக்கம் 4 நிமிடமே பிசகிற்று. முடிவோ 52 நிமிடம் பிசகிற்று. முன்னது வியத்தற்குரியது, பின்னதை மறைத்தல் தகாது. காலம் செல்லச் செல்லப் பழைய எண்களுக்கும் வானுக்கும் இடைவெளி விழும். வாக்கியமும் திருக்கணிதமும் வேறுபடுவது இதனாலேயே. திருத்துதல் மரபுக்குப் பகை என்பார் கூற்றுப் பொருந்தாது. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, 1431-இலேயே திருத்திய கணிதநூல் செய்தளித்தார்.