தரைவிரிப்பு (கூடாரத் தங்கலுக்குரியது)

குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்குவோர், நிலத்தின் ஈரமும் முள்ளும் உடம்பைத் தீண்டாவண்ணம் விரித்துக்கொள்ளும் சாதனம். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய வானம் பார்த்த பிரதேசங்களில், மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில் வாசலில் இராத்தங்கும் குடும்பங்களுக்கும், ஆடி மாதத்தில் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதிக்குச் செல்வோருக்கும், ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளுக்கும் இது இன்றியமையாதது.

முன்பு பனையோலைப் பாயே பிரதானம். இன்று மிகச் சிக்கனமானது, காலி உரச்சாக்குகளைப் பிரித்துக் கோணி ஊசியால் மூட்டிய படுதாவே. ஆயினும் உரத்தின் உப்பு ஈரத்தை இழுத்துத் தோலை அரிக்குமாதலால், பலமுறை அலசி வெயிலில் உலர்த்தாத சாக்கில் குழந்தைகளைக் கிடத்துவது சற்றும் தகாது. மேலும், சாக்கின் நெய்த இழைகளினூடே கரிசல் மண்ணின் ஈரம் கசியும். பூச்சிட்ட தார்ப்பாய் அதனைத் தடுக்கும்.

சீமைக்கருவேல முள் எத்தகைய விரிப்பையும் துளைத்துவிடுமாகையால், முதலில் நிலத்தைக் கூட்டுதல் அவசியம். விரிப்பின் விளிம்பு கூடாரத்திற்கு வெளியே நீண்டிருப்பின், மழைநீர் அதன்மேல் விழுந்து கூடாரத்தின் அடியில் ஓடித் தேங்கும். ஆதலின் ஓரங்களை உட்புறமாக மடித்துவிடுவர். தார்ப்பாயின்மேல் நேரே படுத்தால் வியர்க்கும். மேலே கோரைப்பாயோ ஜமக்காளமோ விரிப்பது சௌகரியம்.