கடம் கண்ட உயர்வு

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் கூறுவது தமிழ் மரபு. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் தோற்கருவிகளுக்கு மட்டுமே நீண்டதொரு பட்டியல் தருகிறார். குடமுழா அப்பட்டியலுள் ஒன்று. ஐந்து வாய்களைத் தோலால் மூடிய அக்கருவியைத் திருவாரூர்த் திருக்கோயிலில் காணலாம். ஆயின், தோலும் நரம்பும் இன்றிச் சுட்ட மண்ணால் மட்டுமே ஆகிய கடத்திற்கு இப்பகுப்பில் எளிதாக இடம் கிடைப்பதில்லை. கச்சேரி மேடையிலும் அதன் இருக்கை நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்தது. அவ்விருக்கையிலிருந்து உலக அரங்கின் நடுவிடத்திற்குக் கடத்தை உயர்த்தியவர்களுள் முதன்மையானவர் விக்கு விநாயக்ராம்.

அவ்வுயர்வின் அருமையை உணரக் கச்சேரியின் அமைப்பை அறிதல் வேண்டும். பாடுவோர் நடுவே அமர்வர். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்கள். கடம், கஞ்சிரா, முகர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியங்கள். அதாவது, துணைக்குத் துணையானவை. மிருதங்கம் இல்லாத கச்சேரி அரிது. கடம் இல்லாத கச்சேரியோ பல. முதன்மைப் பாட்டு முடிந்தபின் வரும் தனியாவர்த்தனமே தாளக் கலைஞர் தம் முழுத் திறனையும் காட்டும் நேரம். மிருதங்கம் முதலில் பேச, கடம் விடை கூறும். பின்னர், வாசிப்பின் அளவு படிப்படியாகக் குறைந்து இருவரும் மாறி மாறி வாசிப்பர். இதனைக் குறைப்பு என்பர். இறுதியில் மோராவும் கோர்வையும் இருவரையும் ஒன்றுசேர்க்கும். கேட்போர் பலர் காப்பி அருந்த எழுந்து செல்வதும் இந்நேரத்தில்தான் என்பது கச்சேரிகளுக்குச் செல்வோர் அறிந்ததே.

கருவியின் இயல்பும் எளியதன்று. வைகைக் கரையை அடுத்த மானாமதுரை, கடம் செய்வதில் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் மட்பாண்டங்களுக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பதப்படுத்திய மண்ணைச் சக்கரத்தில் வனைந்து, சுவர் எங்கும் ஒரே கனமாக அமையும்வரை பலகாலும் தட்டி, உலர்த்திச் சூளையில் சுடுவர். சுட்டபின் சுருதியைப் பெரிதும் மாற்ற இயலாது. மிருதங்கத்தைப் போல் வாரை இறுக்கிச் சுருதி கூட்டக் கடத்தில் வழியில்லை. ஆகவே, கலைஞர் வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு கடங்களை வைத்திருப்பர். கழுத்து, தோள், வயிறு என ஒவ்வோரிடமும் ஒவ்வோர் ஒலி தரும். வாயைத் தம் வயிற்றோடு சேர்த்து அழுத்தியும் விடுத்தும் ஆழ்ந்த நாதத்தை எழுப்புவர். வன்மையான மண்ணின்மீது மணிக்கணக்கில் விரல்களால் தட்டிப் பழகுதல் உடலை வருத்தும் உழைப்பாகும்.

விநாயக்ராம் 1942ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் டி. ஆர். ஹரிஹர சர்மா தாளக்கலையில் தேர்ந்த ஆசிரியர். சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயா என்னும் பள்ளியை நிறுவிப் பலரை உருவாக்கியவர். அவரிடம் பயின்ற மகன் 13ஆம் வயதிலேயே மேடை ஏறினார். செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர் முதலிய பெரியோர்க்கு வாசிக்கும் பேறு இளமையிலேயே வாய்த்தது. ஆலங்குடி இராமச்சந்திரன், உமையாள்புரம் கோதண்டராம ஐயர் போன்றோர் முன்னரே கடத்திற்குத் தேடித் தந்திருந்த மதிப்பு இவருக்கு அடித்தளமாயிற்று.

1966ஆம் ஆண்டு தாளக் கலைஞர் வரலாற்றில் நினைவுகூரத்தக்கது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவ்வாண்டில்தான் முதன்முறையாக ஒரு மிருதங்கக் கலைஞரைச் சேர்ந்தது. பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். அதே ஆண்டு அக்டோபரில் எம். எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது டி. கே. மூர்த்தியின் மிருதங்கத்தோடு கடம் வாசித்தவர் 24 வயதினரான விநாயக்ராம். எனினும் அங்கும் அவர் துணைக்குத் துணையே.

அந்நிலை 1970களின் இடைப்பகுதியில் மாறியது. ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோரோடு ‘சக்தி’ என்னும் குழுவில் விநாயக்ராம் இணைந்தார். அக்குழுவில் நடுவில் ஒருவர், பக்கத்தில் மற்றவர் என்னும் ஏற்பாடு இல்லை. வடபுலத் தபேலாவும் தென்புலக் கடமும் ஒத்த தகுதியோடு உரையாடின. கடத்தை மேலே எறிந்து, தாளம் தவறாமல் பிடித்து வாசிக்கும் அவருடைய ஆற்றல் மேலைநாட்டாரை வியப்பில் ஆழ்த்தியது. ஆயினும், அவர்களை இருத்தி வைத்தது அவ்வித்தையன்று. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பதாக விரியும் தென்னகத் தாளக் கணக்கின் நுட்பமே ஆகும்.

1991இல் மிக்கி ஹார்ட் என்னும் அமெரிக்கக் கலைஞர் பல நாட்டுத் தாளக் கலைஞரை ஒன்றுதிரட்டிப் ‘பிளானட் டிரம்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். நைஜீரியா, பிரேசில் முதலிய நாட்டுக் கலைஞரோடு விநாயக்ராமும் அதில் வாசித்தார். மறு ஆண்டில், உலக இசைக்கெனப் புதிதாக ஏற்பட்ட கிராமி விருது முதன்முதலில் அத்தொகுப்பிற்கே கிடைத்தது. தாளம் பாட்டிற்குத் துணை மட்டுமே என்று எண்ணியிருந்தோர்க்கு இது தக்க விடையாயிற்று. இந்திய அரசு 2014இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவில் புகழ் பெற்றார். அவர் இடம்பெற்ற புதிய ‘சக்தி’ குழுவிற்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது.

இவ்வுயர்வு எல்லார்க்கும் ஒருங்கே வாய்த்ததா என்னும் வினாவும் எழுகிறது. அப்பள்ளியில் வயலின் பயில வந்த சுகன்யா ராம்கோபால் கடம் கற்க விழைந்தபோது, பெண்ணின் கைகளுக்கு அது கடினம் என விநாயக்ராம் தயங்கினார். ஹரிஹர சர்மாவோ தாமே கற்பிக்க முன்வந்தார். அம்மாணவி உழைத்துத் தேர்ந்தார். தயங்கியவரே பின்னர் அவருக்குக் குருவுமானார். மேடைக்கு வந்தபின்னும், பெண்ணொருவர் கடம் வாசித்தால் தாம் வாசிக்க இயலாது என மறுத்த மிருதங்கக் கலைஞர்கள் இருந்தனர். அவற்றைக் கடந்து, வெவ்வேறு சுருதியுடைய பல கடங்களைச் சூழ வைத்து வாசிக்கும் ‘கட தரங்’ முறையை அவர் அமைத்தார். பின்வரிசையில் இருந்த கருவிக்கும் பின்வரிசை ஒன்று இருந்தது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் உருமியையும் தப்பையும் உடன் கொண்டுவந்தனர். தைப்பூச நாளில் பத்துமலை அடிவாரத்தில் காவடிகளை நடத்திச் செல்வது முழவொலியே. கோலாலம்பூரில் 1981இல் தோன்றிய நுண்கலைக் கோயில் போன்ற அமைப்புகள் மரபிசைக்கும் நடனத்திற்கும் பயிற்சிக் களம் அமைத்தன. அம்பாங் முதல் கிள்ளான் வரை மிருதங்கம் பயிலும் பிள்ளைகளுள் பலர்க்கு முதல் மேடை நடன அரங்கேற்றமாகவே அமைகிறது. ஆடுபவரின் படம் அழைப்பிதழில் பெரிதாக அச்சாகும். பின்னே அமர்ந்து மூன்று மணி நேரம் தாளம் தவறாது காத்தவரின் பெயர் ஒரு வரியில் அடங்கிவிடும்.

இந்நிலையை மாற்றப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பள்ளி விழாவில் பாட்டிற்கும் ஆட்டத்திற்கும் ஒதுக்கும் நேரத்தில் பத்து மணித்துளியைத் தனித் தாள வாசிப்பிற்கு ஒதுக்கலாம். தகதிமி, தகதகிட என்னும் சொற்கட்டுகளை மாணவர் வாயால் சொல்லிக் கையால் தட்டப் பழகினால், செய்யுளின் சீரும் தளையும் அவர்க்குக் கணக்காக மட்டுமன்றி ஓசையாகவும் விளங்கும். தனியாவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து செல்லாமல் இருந்து கேட்கும் அவையை ஆசிரியர்கள் உருவாக்குவார்களாயின், அடுத்த விநாயக்ராமும் சுகன்யாவும் இம்மண்ணிலும் தோன்றக் கூடும்.