பாட்டி காலத்து கொலு பொம்மை நிறம் மங்கிப் போச்சா? பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

பொம்மிடி தாத்தா வீட்டுப் பரணோ, சென்னை ஃபிளாட் லாஃப்டோ... நவராத்திரிக்கு முன்னாடி கொலுப் பெட்டியை இறக்கினால், மூக்கு உடைந்த செட்டியாரும் நிறம் உதிர்ந்த கிருஷ்ணரும் வெளியே வருவார்கள். 'சரி பண்ணிடலாமே'ன்னு யூடியூபில் தேடினால், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மாதிரி ஃபேன்டஸி கேம்களின் பழைய மினியேச்சர்களைப் புதுப்பிக்கும் வீடியோக்கள் கண்ணில் படலாம். அந்த உலோக உருவங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பெயின்ட்டை முழுசா உரித்துவிட்டு மறுபடி பூசுவார்கள். மண் பொம்மைக்கும் காகிதக்கூழ் பொம்மைக்கும் அது ஆகவே ஆகாது. பொம்மை ஊறிப்போகும், பாட்டி பார்த்து ரசித்த முகமும் போய்விடும்.

பிறகு எப்படிச் செய்வது?

1. முதலில் போட்டோ: நாலு பக்கமும் மொபைலில் எடுத்து வைங்க. புருவ வளைவு, நெற்றித் திலகம், புடவை பார்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் ரெஃபரன்ஸ்.

2. தூசு: மென்மையான பிரஷ்ஷால் தட்டினாலே போதும். லேசாக ஈரமான காட்டன் பட்ஸை அடிப்பக்கத்தில் ஒற்றிப் பாருங்க. நிறம் ஒட்டி வந்தால், தண்ணீர் பக்கமே போகாதீங்க.

3. சுரண்டாதீங்க: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். குட்டிக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

4. உடைசல்: உடைந்த துண்டு கிடைத்தால் ஃபெவிகால் வைத்து ஒட்டுங்க. கிடைக்கலையா? சாக்பீஸ் தூளை ஃபெவிகாலில் குழைத்துப் பள்ளத்தை நிரப்பலாம். காகிதக்கூழ் பொம்மைக்கு, ஊறவைத்துப் பிழிந்த பேப்பரும் ஃபெவிகாலும். ஒருநாள் முழுக்கக் காயட்டும்.

5. பெயின்ட்: அக்ரிலிக் போதும். உதிர்ந்த இடத்தில் மட்டும், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. காய்ந்ததும் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும். அதனால் பேப்பரில் பூசி, காயவிட்டுப் பார்த்துட்டு பொம்மையைத் தொடுங்க.

6. கண் கடைசியில்: பொம்மையின் உயிரே பார்வையில்தான். கண் நல்லா இருந்தால் தொடவே வேண்டாம். அழிந்திருந்தால், கை பழகின கலைஞரிடம் கொடுங்க. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, பண்ருட்டி, மதுரை விளாச்சேரி போன்ற இடங்களில் தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள். புரட்டாசி நெருங்கினால் அவர்களுக்கு நிற்க நேரமிருக்காது. ரெண்டு மூணு மாசம் முன்பே கேளுங்க.

கொலு முடிந்ததும் நியூஸ் பேப்பரில் சுற்றாதீங்க, மை ஒட்டும். பழைய காட்டன் வேட்டியில் சுற்றி, சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க.

பழைய பொம்மை புதுசு மாதிரி மின்ன வேண்டியதில்லை. அடுத்த வருஷமும் 'இது எங்க பாட்டி வாங்கினது'ன்னு பார்த்ததுமே அடையாளம் தெரிந்தால், அதுதான் சரியான ரிப்பேர்!