தீயணைப்பும் ஒரு படிப்பு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. பெயரே ஒரு கோட்டையை நினைவூட்டுகிறதல்லவா? டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டைதான் அது. இன்று அகழியின் தடமும் புதர் மண்டிய மேடுமே மிச்சம். ஆனால் ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரையில் டச்சு வணிகத்திற்கு அதுவே தலைமையிடம். துணி வாங்க வந்தவர்கள் இங்கே மற்றொரு தொழிலையும் நடத்தினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் வெடிமருந்து செய்து, பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) வரை கப்பலேற்றினார்கள்.

வெடிமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரித்தூளும் கந்தகமும். கரியும் கந்தகமும் எரிபவை. வெடியுப்பு தானாக எரியாது; மற்றவை எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுப்பதே அதன் வேலை. ஆகவே வெடிமருந்தின்மேல் மண்ணைக் கொட்டிக் காற்றை மறைத்தாலும் தீ அடங்காது. கோட்டையில் வேலை செய்தவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள். காரணம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. எரிதல் என்பது காற்றின் ஒரு பகுதியோடு பொருள் கூடுவதே என்று பாரிசில் லவாய்சியர் விளக்கியது 1777-இல்தான். ஆக்சிஜன் என்ற பெயரையும் அவரே வைத்தார்.

எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் கூடினால் தீ. அது தொடர்ந்து எரிய வேதிவினைகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்கவும் வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்றை அறுத்துவிட்டால் தீ அணையும். இதில் பாதியை நம் குப்பத்து மக்கள் பள்ளிக்குப் போகாமலே அறிவார்கள். ஒரு குடிசை பற்றிக்கொண்டால் அடுத்த குடிசையின் கீற்றைப் பிடுங்கி எறிகிறார்களே, அது எரிபொருளை அகற்றுதல். குடம் குடமாய் நீர் ஊற்றுவது வெப்பத்தைப் போக்குதல். எரியும் வாணலியை ஈரச் சாக்கால் மூடுவது காற்றைத் தடுத்தல்.

ஆனால் படகின் டீசல் தீப்பிடித்தால்? குடத்து நீரை ஊற்றினால் நீர் அடியில் போய்விடும். டீசல் அதன்மேல் மிதந்து எரிந்தபடியே பரவும். அங்கே நுரை வேண்டும், அல்லது உலர்ந்த பொடி வேண்டும். ஒரு தீக்கு மருந்தாவது மற்றொரு தீக்கு நஞ்சாகலாம். அனுபவத்தோடு படிப்பும் சேர வேண்டிய இடம் இதுவே. இதை நம் நாடு மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது.

பம்பாயில் நடந்தது

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள். அவற்றோடு பருத்திப் பொதிகளையும் ஏற்றியிருந்தார்கள். ஒரே சரக்கறையில் அடியில் பருத்தி, மேல் தட்டில் வெடிபொருள்! போர்க்கால அவசரம் என்பார்கள். அவசரத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

பிற்பகலில் பருத்தியிலிருந்து புகை வந்தது. இறுக்கிக் கட்டிய பருத்திப் பொதிக்குள் தீ கனன்றுகொண்டே இருக்கும். வெளியே சுடர் தெரியாது. நீரும் எளிதில் உள்ளே புகாது. கனல் எங்கே இருக்கிறது என்று காண முடியாமல் வீரர்கள் குழாய் குழாயாய் நீரைப் பாய்ச்சினார்கள். ஏறத்தாழ 900 டன் நீர் உள்ளே போயிற்று. நீர்மட்டம் உயர உயர, எரியும் பொதிகளும் மிதந்து உயர்ந்தன. மேலே இருந்தவை எவை என்பதை நினைத்துப் பாருங்கள். கப்பலை என்ன செய்வது என்று முடிவு காண்பதிலேயே நேரம் கழிந்தது. மாலை 4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் இரண்டாம் வெடிப்பு. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். அவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14-இல் தொடங்கும் வாரம் தீயணைப்புப் பணி வாரமாக இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது.

கல்லூரி பிறந்தது

தீயணைப்பை முறையாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் உலகில் முன்பே வேரூன்றியிருந்தது. எடின்பரோவில் 1824-இல் நகரத் தீயணைப்புப் படையை அமைத்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட், தம் ஆட்களுக்கு இடைவிடாத பயிற்சி அளித்ததோடு அந்தக் கலையைப் பற்றி நூலும் எழுதினார். (அவரும் 1861-இல் லண்டன் தீ ஒன்றில் சுவர் இடிந்து விழுந்துதான் உயிரிழந்தார்.) சிகாகோவில் ஆர்மர் கல்வி நிலையம் 1903-இல் தீப்பாதுகாப்புப் பொறியியல் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் தீயறிவியல் இப்போது வழக்கமான ஈராண்டுப் படிப்பு.

நம் நாட்டில் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி 1956-இல் உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் தொடங்கி, மறு ஆண்டே நாகபுரிக்கு மாறியது. மாநிலப் படைகளின் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பதோடு, தீப்பொறியியலில் பட்டப்படிப்பையும் அது நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். ஆண்கள் மட்டுமே படித்துவந்த அந்த வகுப்பில் 2002-இல் முதன்முதலாக ஒரு பெண் சேர்ந்தார். அவர் பெயர் ஹர்ஷினி கன்ஹேகர். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் பொறியியல் பட்டம் பெறலாம்.

என்ன படிக்கிறார்கள்? நீரின் அழுத்தம், புகையின் ஓட்டம், நச்சு வாயுக்கள், கட்டட அமைப்பு, மின்சாரம், முதலுதவி. எனக்குக் கேட்டால், தீயை அணைப்பதைவிடத் தீயே பிடிக்காமல் கட்டுவதுதான் இதில் தலையாய பாடம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையலறைக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. நெருக்கடியான வகுப்புகளும் குறுகலான படிக்கட்டும் கட்டடத்திலேயே இருந்த குறைகள். எவ்வளவு விரைந்து வண்டி வந்தாலும் அவற்றை அன்று திருத்தியிருக்க முடியாது.

இனி வேலை. சென்னையில் 1908-இல் உருவான தீயணைப்புப் படையிலிருந்து வளர்ந்ததே இன்றைய தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதித் தீயணைப்போர் ஆகலாம். பட்டதாரிகள் நிலைய அலுவலர் பணிக்கும், தொகுதி ஒன்று தேர்வு வழியாக மாவட்ட அலுவலர் பணிக்கும் போட்டியிடலாம். அப்படி 2003-இல் பணியேற்ற பிரியா ரவிச்சந்திரன், 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத் தீயில் கடுங்காயம் அடைந்து, பின் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

அரசுப் பணி மட்டுமல்ல. கோட்டைக்குப்பத்திற்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், அங்குள்ள திரவ எரிவாயு முனையம், வடசென்னை அனல்மின் நிலையம், இன்னும் தள்ளி மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தீப்பாதுகாப்பு ஆட்கள் வேண்டும். துறைமுகங்கள் தங்கள் மீன்பாட்டைக் குறைத்துவிட்டன என்ற மனக்குறை ஏரிக்கரை ஊர்களில் உண்டு. அது நியாயமான வழக்கு. வேலை தந்து அதை ஈடுகட்டிவிட முடியாது. ஆனால் அந்த எரிவாயுவும் எண்ணெயும் பற்றினால் என்னவாகும் என்று அறிந்த ஒருவர் ஏரிக்கரையிலும் இருப்பது நல்லது. படகும் நீச்சலும் பழகிய பிள்ளைகளுக்கு மீட்புப் பணியில் பாதிப் பாடம் முன்பே தெரிந்ததுதானே!

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி என்னும் முறை 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று தீப்பாதுகாப்புச் சான்றிதழ் தருவதாகச் சிற்றூர்வரை விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள். இந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை ஏற்றுக்கொள்கிறது? பயிற்சிக்கு உண்மையான நீர்க்குழாயும் சுவாசக் கருவியும் உண்டா, வெறும் கரும்பலகைதானா? தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராக விரும்புவோர் சென்னைத் தரமணியிலுள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் நடக்கும் ஓராண்டுப் படிப்பைப் பற்றியும் விசாரித்து வையுங்கள்.