கல்லூரியும் கவிதைத் தொழிலும்

சிருஷ்டி இலக்கியத்தைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற பேச்சு வந்தால் 1936இல் அயோவாவில் தொடங்கிய எழுத்துப் பட்டறையைச் சொல்கிறோம். அடுத்த ஆண்டு, 1937இல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கல்லூரிக்கு இக்கேள்வி பழையது.

வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி அங்கே படித்து, அங்கேயே தமிழாசிரியரானவர். 1903இல் இறந்தபோது வயது 33. ஆங்கில ஸானெட்டின் பதினான்கு வரியைத் தமிழில் செய்துபார்த்து, 'பரிதிமாற் கலைஞர்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஜி. யு. போப் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாடகங்கள் எழுதினார், நாடகம் செய்வதற்கு இலக்கணமாக 'நாடகவியல்' (1897) எழுதினார், அதையும் செய்யுளில்!

இங்கேதான் சிக்கல். கை பழகிக் கண்டறிந்தது சூத்திரமானதும் உறைந்துவிடுகிறது. அவருடைய ஸானெட்டுகளும் இன்று கனமாகத்தான் இருக்கின்றன. புதிய உருவத்துக்குள் பழைய யாப்பின் நடை. ஆயினும் வடிவத்தைச் சோதித்த ஆசிரியர் அவர். தமிழைச் செம்மொழி என்று வாதாடியவராக மட்டும் அவரை நினைவில் வைத்துக்கொண்டு, இந்தச் சோதனைக்காரரை நழுவவிட்டோம்.

புதுக்கவிதைக்காரர்கள் பயின்ற இடம் வேறு. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகை. சம்பளம் கிடையாது, பட்டமும் கிடையாது. எழுதியதை அச்சில் பார்த்து, அடுத்த இதழில் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1990களில் தமிழ்நாட்டுக்கு வந்த சமுதாயக் கல்லூரிகள் கைத்தொழில்களைக் கற்பித்தன. கவிதையையும் ஒரு கைத்தொழிலாக எண்ணிய ஆசிரியர் அதற்கு நூறு ஆண்டு முன்பே இங்கு இருந்தார்.