விறகுக் கொதிகலனின் வெப்பநிலையைப் பாதுகாப்பாக வைத்திருப்பது எப்படி?

ஜேர்மனியின் கிராமப்புறங்களில் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் சிலர், நிலவறையில் விறகுக் கொதிகலன் இருப்பதைக் காண்கிறார்கள். எரிவாயுக் கொதிகலனுக்குப் பழகிய நாம் இதையும் அதைப் போலவே கையாளக்கூடாது. எரிவாயு அடைபட்ட கணமே சுவாலை அணைந்துவிடும். விறகோ, காற்றை அடைத்த பின்னரும் தணலாக நின்று நெடுநேரம் வெப்பம் தரும். வரவை உடனே நிறுத்த முடியாத கணக்கு இது. ஆகவே செலவாகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

முதலில் கீழ் எல்லை. றேடியேற்றர்களில் இருந்து திரும்பிவரும் தண்ணீர் 55 முதல் 60 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிகலனுக்குள் நுழைய வேண்டும். குறைந்தால் புகையிலுள்ள ஈரமும் தாரும் உட்சுவரில் படிந்து இரும்பை அரிக்கும். புகைபோக்கியில் தார் சேர்ந்தால் அது ஒருநாள் தீப்பற்றக்கூடும். திரும்பும் தண்ணீரோடு சுடுநீரைக் கலக்கும் வால்வு இதற்காகவே பொருத்தப்படுகிறது. விறகின் நீர்ச்சத்தும் 20 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது.

கொதிகலனின் வழக்கமான வேலை வெப்பநிலை 70 முதல் 85 பாகை வரை. உங்கள் கருவிக்குரிய சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

அடுத்து மேல் எல்லை. சுமார் 95 பாகையில் 'தெர்மிஷே அப்லவுஃப்சிகெருங்' என்னும் வால்வு தானாகத் திறந்து, கொதிகலனுக்குள் இருக்கும் சுருள்குழாய் வழியே குளிர்நீரை ஓடவிட்டு வெப்பத்தை வெளியேற்றும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. குழாய்நீரின் அழுத்தம் போதும். ஆனால் வீட்டுத் தண்ணீர் மின்பம்பி மூலம் கிணற்றிலிருந்து வருமானால், மின்தடையின்போது சுற்றோட்டப் பம்பியோடு இந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே நின்றுவிடும். இதை வீடு வாங்குமுன்னரே விசாரிக்க வேண்டும்.

அழுத்தம் மிகும்போது திறக்கும் பாதுகாப்பு வால்வு வேறு. வீடுகளில் அது பெரும்பாலும் 2.5 அல்லது 3 பாரில் திறக்கும். அது சொட்டுகிறது என்பதற்காக அதன் குழாயை ஒருபோதும் அடைக்கக்கூடாது. ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,700 லீற்றர் இடத்தை நிரப்பும். வெளியேற வழியில்லாவிட்டால் கொதிகலனே வெடிக்கும்.

மிகைவெப்பத்தைத் தாங்குவது சேமிப்புத் தாங்கி. 2010இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மனியச் சட்டவிதி, கையால் விறகிடும் புதிய கொதிகலன்களுக்கு ஒரு கிலோவாற்றுக்குக் குறைந்தது 55 லீற்றர் கொள்ளளவைக் கேட்கிறது. 25 கிலோவாற் கொதிகலனுக்கு இது 1,375 லீற்றர். தாங்கி ஏற்கெனவே சூடாக இருந்தால் மேலும் விறகு போடாதீர்கள்.

வெப்பநிலை 90 பாகையைத் தாண்டி ஏறினால் காற்று வழியை மூடுங்கள், எல்லா றேடியேற்றர்களையும் முழுதாகத் திறவுங்கள், பம்பியை நிறுத்தாதீர்கள். அடுப்புக் கதவைத் திறக்கவோ நெருப்பில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். பாதுகாப்பு வெப்பவரம்பி விழுந்திருந்தால், ஆறிய பின் காரணத்தைக் கண்டுபிடித்தே அதன் பொத்தானை அழுத்த வேண்டும். மீண்டும் விழுந்தால் ஹைசுங் தொழில்நுட்பரை அழையுங்கள்.

குளியலறைச் சுடுநீர்த் தாங்கியில் கிருமி வளராதிருக்க 60 பாகை வேண்டும். அதே சூடு குழந்தையின் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். எனவே குழாய்க்கு முன்னால் கலப்பு வால்வு அவசியம்.

இந்த வால்வுகள் அனைத்தையும் குளிர்காலம் தொடங்குமுன் ஆண்டுக்கொரு தடவை தொழில்நுட்பரைக் கொண்டு சோதித்துக்கொள்வோம்.